பாட்டியும் வரட்டும் லங்காவிக்கு!

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். "இந்த வருஷமாவது எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்பா கணக்குப் பார்ப்பார். அம்மா உண்டியலைக் குலுக்கிப் பார்ப்பாள். வேன் யாருடையது, எத்தனை பேர், எங்கே தங்குவது என்றெல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக ஒரு கேள்வி வரும்: "வீட்டை யார் பார்த்துக்கொள்வது?"

அந்தக் கேள்விக்கு நம் குடும்பங்களில் எப்போதும் ஒரே பதில்தான். பாட்டி இருக்கிறார்! கோழிக்குத் தீனி போட, சாமிக்கு விளக்கேற்ற, வாசலில் காய்கிற துணியை எடுத்துவைக்க அவரைவிட்டால் யார்? அவரும், "நான் எதுக்கு? கால் வலிக்காரி. நீங்க போயிட்டு வாங்க" என்பார். அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு நாம் வேன் ஏறிவிடுகிறோம். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு துண்டும், ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கி வருகிறோம்.

அன்பு வாசகர்களே, இந்த வழக்கத்தை மாற்றலாமே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வயதானவரை அழைத்துப் போவது பாரம் அன்று. கூட்டத்தில் யார் மிக மெதுவாக நடப்பவரோ அவரை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், அந்தத் திட்டம் கைக்குழந்தைக்கும் பொருந்தும். சம்பாதித்துக் களைத்தவருக்கும் பொருந்தும். நாங்கள் நான்கு தலைமுறையாகப் பத்துப் பேர் லங்காவித் தீவுக்குப் போய், அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சிசாலையைப் பார்த்து வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

எந்த ஊருக்குப் போவது?

கடல் பிராணிகளைப் பார்க்க நமக்கு இன்று வழிகள் பல. சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூரில் 2003-இல் திறக்கப்பட்ட அக்குவாரியா கேஎல்சிசி இருக்கிறது. அங்கே 90 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சுரங்கப் பாதையில் தரையே நகர்ந்து செல்லும்; நின்றபடியே மீன்களைப் பார்க்கலாம். ஜொகூர் அன்பர்களுக்குச் சிங்கப்பூர் பக்கம். செந்தோசாவில் 1991-இல் திறந்து நம்மில் பலர் பார்த்து மகிழ்ந்த பழைய 'அண்டர்வாட்டர் வேர்ல்டு' 2016-இல் மூடப்பட்டுவிட்டது. அதே தீவில் 2012 முதல் இயங்கிய இன்னொரு பெரிய காட்சிசாலை, 2025-இல் மேலும் விரிவாக்கப்பட்டுச் 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' என்ற புதுப் பெயரோடு திறந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கடப்பிதழும் வேண்டும், சிங்கப்பூர் வெள்ளியும் வேண்டும்!

கெடா தெற்குப் பகுதியில் இருக்கும் எங்களுக்கு லங்காவிதான் பக்கம். பந்தாய் செனாங் கடற்கரை ஓரத்தில் இருக்கும் 'அண்டர்வாட்டர் வேர்ல்டு லங்காவி' 1995-இல் தொடங்கியது. வெப்பக் காட்டுப் பகுதி, மிதமான குளிர்ப் பகுதி, தென்துருவத்தை அடுத்த கடும் குளிர்ப் பகுதி என்று மூன்று தட்பவெப்பங்களை ஒரே கூரையின்கீழ் அமைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்குள் நடப்பதால் மழை வெயில் கவலை இல்லை. நடக்கும் தூரமும் அதிகமில்லை. ஆகவே எங்கள் பாட்டிக்கு இதுவே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

பாட்டி மறுத்தார்

எங்கள் பாட்டி எண்பதைத் தாண்டியவர். என் அம்மாவைப் பெற்றவர். 1950-ஆம் ஆண்டு, எட்டு வயதில், நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவருடைய அப்பா அதற்கு முன்பே இங்கே பால்வெட்டிக்கொண்டிருந்தார். அன்றிறங்கியவர் பிறகு ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. ரஜுலா தன் ஓட்டத்தை 1973-இல் நிறுத்தியது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே அடைபட்டுப் போனது.

லங்காவி என்றதும் பாட்டி தலையை ஆட்டிவிட்டார். "ஒரு வாரம் தண்ணியப் பாத்ததே இந்தப் பிறவிக்குப் போதும்டி. திரும்பவும் என்னைத் தண்ணி மேல ஏத்தாத" என்றார். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து எங்கள் கெடாவின் கோலா மூடா மீனவர் கம்பங்களையும் லங்காவியையும் அடித்ததைக் காரணமாகச் சொன்னார். செலவையும் சொன்னார். முழங்காலையும் சொன்னார்.

நாங்கள் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஒத்திகை பார்த்தோம். ஒரு சனிக்கிழமை அவரைப் பட்டர்வொர்த்துக்கு அழைத்துப் போய்ப் பினாங்கு ஃபெரியில் ஏற்றினோம். 2023-இல் புதிதாக ஓடத் தொடங்கிய படகுகள் அவை. கால்மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். பாட்டி என் மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி போனார். வரும்போது கண்ணைத் திறந்திருந்தார். ஜார்ஜ் டவுனில் வாங்கிய வடையைப் படகிலேயே சாப்பிட்டார். "சரி, பாப்போம்" என்றார். எங்களுக்கு அது போதுமே!

கடலுக்கோ கூட்டத்துக்கோ அஞ்சும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பெரிய பயணத்துக்கு முன் ஒரு சின்னப் பயணம். வாதாடிச் சம்மதிக்க வைப்பதைவிட இது நல்லது.

நாள் குறிப்பது

எங்கள் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சிலாங்கூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்குச் சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவான நாள் சனி ஒன்றுதான். எனவே தம்பி வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பெடுத்தான். வெள்ளி புறப்பட்டுச் சனி மாலை திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை அவன் ஓய்வாகத் தன் ஊர் போய்ச் சேர்ந்தான். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விடுமுறையை முதலிலேயே காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரைத் தீவுகளில் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் லங்காவிப் பக்கம் வானம் பெரும்பாலும் வெளுத்துக் கடல் அமைதியாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் அங்கு மழை அதிகம். கடல் கொந்தளித்தால் ஃபெரி ஓடாமல் போவதும் உண்டு. ஆண்டிறுதியில் கூட்டமும் மிகுதி என்பதால் படகுச் சீட்டையும் அறையையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பார் சிலர். இளைஞர்களுக்குச் சரி. பாட்டியும் கைக்குழந்தையும் இருந்தால் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அறை கேட்கும்போது, "கீழ்த்தளத்தில் இருக்கிறதா, கழிவறை உட்காரும் வகையா?" என்று இரண்டு கேள்வியை மறவாமல் கேளுங்கள்.

காசு சேர்த்த விதம்

எங்கள் பத்துப் பேரில் சம்பாதிப்பவர் ஐவர்: நானும் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், தோட்டத்து ஜாகா வேலை பார்க்கும் என் அப்பாவும். ஆளுக்கு மாதம் 50 வெள்ளி வீதம் எட்டு மாதம் ஒரு பால் மாவு டின்னில் போட்டோம். 2,000 வெள்ளி சேர்ந்தது. அதை ஆறு உறைகளில் பிரித்தோம்: வேன், ஃபெரி, தீவுக்குள் வாடகை வண்டி, அறை, நுழைவுச் சீட்டு, சாப்பாடு. ஓர் உறைப் பணத்தை இன்னோர் உறை தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்!

பாட்டியும் தன் பங்காக 20 வெள்ளி கொண்டுவந்து டின்னில் போட்டார். "வேண்டாம் பாட்டி" என்று சொல்ல வாயெடுத்த தம்பியை அம்மா கண்ணால் அடக்கிவிட்டார். பெரியவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு போட்டவர் பயணத்தில் விருந்தாளியாக இருக்க மாட்டார், உரிமையோடு வருவார்.

எல்லாருடைய மைகாட், பிள்ளைகளின் மைகிட் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். நம் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. முதியோருக்கும் சிறுவருக்கும் சலுகை உண்டா என்று முகப்பிலேயே கேளுங்கள். 1987 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு. சாக்லேட்டும் கண்ணாடிப் பாத்திரமும் மலிவு என்று கடையிலேயே பாதி நாள் போய்விடும். எனவே கடைக்கு ஒரு மணி நேரம், அதுவும் திரும்பும் நாளில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடல் மேல்

கோலா கெடாவிலிருந்து குவாவுக்கு ஃபெரியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். கோலா பெர்லிஸிலிருந்து போனால் ஒன்றேகால் மணி நேரம். விடியற்காலையில் ஆளுக்கு இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் பசியாறிக்கொண்டோம். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் குமட்டும். வெறும் வயிற்றிலும் குமட்டும். எலுமிச்சம் பழமும் இஞ்சி மிட்டாயும் கையில் இருக்கட்டும். படகின் முன்பகுதி அதிகம் தூக்கிப்போடும். நடுவிலோ பின்னாலோ உட்காருவதே நலம். உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருப்பதால் பாட்டிக்குக் கம்பளிச் சால்வை கொண்டுபோனோம். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குவா படகுத்துறையை அடுத்து 12 மீட்டர் உயரத்தில் சிறகு விரித்து நிற்கும் செங்கழுகுச் சிலையைக் கண்டு பிள்ளைகள் கூவினார்கள். அங்கிருந்து வாடகை வேனில் தீவின் மறுபக்கம் உள்ள பந்தாய் செனாங் போய்ச் சேர்ந்தோம். கேபிள் கார், மசூரி சமாதி, அருவி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க ஆசைப்படாதீர்கள். எங்கள் திட்டம், முதல் நாள் பகல் முழுவதும் காட்சிசாலை மட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வாசலில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கினோம். பாட்டிக்குக் கூச்சம். "நோயாளி மாதிரி என்னைத் தள்ளிக்கிட்டுப் போறீங்களே" என்றார். என் மகள் தன் பையை அவர் மடியில் வைத்து, "இல்ல பாட்டி, எங்க பையெல்லாம் வைக்கத்தான் வண்டி" என்றதும் சமாதானமானார்.

உள்ளே போனபின் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி! சுறாவைப் பார்த்ததும், "பிள்ளை பெத்தவளுக்கு இதுல புட்டு செஞ்சு குடுப்பாங்க. முள்ளு உறுத்தாது" என்றார். சுறாவின் உடம்பில் கெட்டியான எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான் என்று நான் வகுப்பில் சொல்வதை அவர் குழம்புச் சட்டியிலிருந்தே தெரிந்துவைத்திருக்கிறார். கடற்குதிரையில் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமந்து ஈனுவது ஆண்தான் என்று நான் சொன்னதும், அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார்!

தட்டையான கண்ணாடிக்குப் பின்னே நீரில் இருக்கும் மீன், உண்மையான தூரத்தில் முக்கால் பங்கு தூரத்திலேயே நிற்பதுபோல் நமக்குத் தெரியும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதே காரணம். கண்ணாடியில் கைவைத்து மீனைப் பிடிக்கப் பார்த்த என் தம்பி குழந்தையை வைத்துப் பெரிய பிள்ளைகளுக்கு இதை விளக்கினேன். பள்ளியில் அரை மணி நேரம் படம் வரைந்து சொல்வது அங்கே அரை நிமிடத்தில் புரிந்தது.

பென்குயின் இருக்கும் குளிர்ப் பகுதிக்கு வந்தோம். இரண்டு வகை உண்டு. தலையில் மஞ்சள் குஞ்சம் வைத்ததுபோல் இருப்பது பாறைதாவிப் பென்குயின். மற்றது தென்னாப்பிரிக்கக் கரைகளில் வாழும் கருங்கால் பென்குயின், கழுதைபோலக் கத்தும். இந்த இனம் வேகமாகக் குறைந்து வருவதால், அற்றுப்போகும் பேராபத்தில் இருப்பதாக 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று முட்டையைப் பார்த்துக்கொள்ள, மற்றது கடலுக்கு இரை தேடப் போகும். "நானும் ஒங்க தாத்தாவும் அப்படித்தான் ஒங்கம்மாவை வளத்தோம். அவரு வெட்டுக்குப் போனா நான் வீட்ல, நான் களையெடுக்கப் போனா அவரு வீட்ல" என்றார் பாட்டி.

காட்சிசாலைக்குப் போகுமுன் இரை போடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் கண்ணாடி ஓரம் இடம் பிடித்தால், நாற்காலியில் இருப்பவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தலைகள் மறைக்காது.

பாட்டி சொன்னது

கடைசியில் 15 மீட்டர் நீளச் சுரங்கப் பாதை. தலைக்கு மேலேயும் இருபுறமும் கடல். திருக்கையும் ஆமையும் நம் தலைக்கு மேல் நீந்திப் போகும். பாட்டி அங்கே நாற்காலியை நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "கடலுக்கு அடியில இவ்வளவு வெளிச்சமா இருக்குமா?"

"கரையோரத்தில, ஆழம் இல்லாத இடத்தில இருக்கும் பாட்டி" என்றேன் நான்.

அப்போதுதான் அவர் சொன்னார். கப்பலில் அவரோடு ஒரு தம்பி வந்தானாம். இரண்டு வயது. மேல்தளத்தில் படுத்திருந்த கூட்டத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பினாங்கு வந்துசேர இரண்டு நாள் இருக்கும்போது இறந்துவிட்டான். வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்களாம். "அடியில ஒரே இருட்டா இருக்கும், ஒத்தையில கெடப்பானேன்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன். இவ்வளவு மீனு கூட இருக்கு" என்றார்.

என் அம்மாவுக்கு அறுபது வயதாகிறது. தனக்கு அப்படி ஒரு மாமா இருந்தது அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். என் மகன் மட்டும், "அவங்க பேர் என்ன பாட்டி?" என்று கேட்டான். பாட்டி பெயரைச் சொன்னார். அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். இன்று எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு அருகில் அந்தப் பெயர் எழுதிய காகிதம் இருக்கிறது.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் எதிரே உள்ள கடற்கரைக்குப் போனோம். மணலில் நாற்காலி போகாது. அப்பாவும் தம்பியும் இருபுறமும் தாங்கி அழைத்துப்போனார்கள். கணுக்கால் அளவு நீரில் நின்று, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து பாட்டி அலையில் விட்டார். மறுநாள் திரும்பும் ஃபெரியில் கண்ணை மூடவில்லை. சன்னலோர இருக்கை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

புறப்படுமுன்

வாசக அன்பர்களே, எல்லார் வீட்டுப் பாட்டியும் இப்படிப் பேசிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. சிலர் பென்குயினைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார்கள். சிலர் காலுக்குத் தைலம் கேட்பார்கள். அதுவும் நல்லதே. ஆனால் நம்மைக் கடல் கடந்து கொண்டுவந்த தலைமுறையில் இன்று நம்மோடு இருப்பவர் மிகச் சிலர். அவர்களுக்குத் தெரிந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லை. வீட்டில் உட்காரவைத்து, "சொல்லுங்கள்" என்றால் வராது. புது இடத்தில், பேரப்பிள்ளைகள் சூழ, அவசரமில்லாத ஒரு நாளில் வந்தாலும் வரும்.

ஆகவே அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது முதல் சீட்டைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ எடுங்கள். சக்கர நாற்காலி, கீழ்த்தள அறை, கைப்பையில் மருந்து, ஒரு நாளைக்கு ஒரே இடம் என்ற நான்கையும் மறவாதீர்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் பக்கத்து லயத்தாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாட்டேனென்றா சொல்வார்கள்? அவர்கள் போகும்போது நீங்கள் அவர்கள் கோழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்!